கரிசல் பஞ்சும் மரத்தின் பாலும்

புதியம்புத்தூரில் ஆயத்த ஆடைத் தொழில் நடக்காத தெரு அபூர்வம். என் அக்காள் அங்கே முப்பது ஆண்டுகளாகத் தையல் எந்திரத்தின் முன் குனிந்திருந்தவள். அந்தக் குனிவு இப்போது இடுப்பில் வலியாகக் குடியேறிவிட்டது. சென்னையிலிருக்கும் மகன் இயற்கை லேடெக்ஸ் மெத்தை வாங்கித் தருவதாகச் சொன்னான். விலை 45,000 ரூபாய். அக்காள் என்னை அழைத்து, "ஏய்யா, இம்புட்டு ரூவாய்க்கு அதுக்குள்ள என்னதான் இருக்கு?" என்று கேட்டாள். கேள்வி எளியது. அதற்கு விடை தேடிப் புறப்பட்ட எனக்கு நூற்றைம்பது ஆண்டுச் சரித்திரத்தைத் திரும்பிப் பார்க்க நேர்ந்தது.

மெத்தை நமக்குப் புதிதன்று. நெடுநல்வாடையில் பாண்டிமாதேவியின் தந்தக்கால் கட்டிலில் அன்னத்தின் தூவி பரப்பப்பட்டிருக்கிறது. திருப்பாவையில் வரும் பஞ்ச சயனத்தை ஐவகைப் பொருள்களால் ஆன படுக்கை என்று விளக்குவோர் உண்டு. அவற்றுள் இலவம்பஞ்சும் ஒன்று. இவையெல்லாம் அரண்மனைச் செய்திகள். கரிசல்காட்டுச் சம்சாரி பாயில் படுத்தான். மகளுக்குக் கல்யாணம் வந்தால் மட்டும் சொந்தப் புன்செயில் விளைந்த பருத்தியில் ஒரு மெத்தை தைத்தான்.

அந்தப் பருத்தி கருங்கண்ணி. இழை குட்டை, சற்று முரடு. மெல்லிய நூலுக்கு உதவாத அந்த முரட்டுத்தனமே மெத்தைக்கு நல்லதாயிற்று. அமுங்கினாலும் ஓரளவு மீண்டெழும். சில ஆண்டுகளில் கட்டி தட்டிப்போகும்போது பஞ்சு கொட்டுகிறவர் தோளில் வில்லோடு தெருவில் வருவார். உறையைப் பிரித்து, நாணைச் சுண்டிச் சுண்டிப் பஞ்சை நுரையாக்கி, மறுபடி அடைத்துத் தைத்துவிட்டுப் போவார். காற்று மோதிச் சிதறும் அலையின் பிசிரை வில்லால் அடித்த பஞ்சுக்கு ஒப்பிடும் பாட்டு நற்றிணையில் இருக்கிறது. அந்தத் தொழிலின் வயதுக்கு அதுவே சாட்சி. பஞ்சு மெத்தையின் உண்மையான ஆயுள் இருந்தது அந்த வில்லில்தான்.

இனி 1876-க்கு வருவோம். அந்த ஆண்டு மதுரையிலிருந்து தூத்துக்குடிக்கு ரயில் ஓடத் தொடங்கியது. கரிசல் பருத்தி துறைமுகத்துக்கு விரைந்து போக வழி பிறந்தது. தாது வருடப் பஞ்சம் தொடங்கியதும் அதே ஆண்டில். அதே ஆண்டில்தான் ஹென்றி விக்காம் என்ற ஆங்கிலேயர் பிரேசில் காட்டிலிருந்து சுமார் 70,000 ரப்பர் விதைகளை லண்டன் கியூ தோட்டத்துக்குக் கொண்டுசென்றார். முளைத்தவை மூவாயிரத்துக்கும் குறைவு. அவற்றில் பெரும்பகுதி இலங்கைக்கு அனுப்பப்பட்டது. பின்னர் அம்மரங்களின் வழித்தோன்றல்கள் இலங்கையிலும் மலேயாவிலும் தோட்டங்களாயின. அங்கே பால் வெட்டியவர்களில் பெருந்தொகையினர் தமிழர்கள். வானம் பொய்த்த நம் பக்கத்து மாவட்டங்களிலிருந்து கடல் கடந்தவர்கள்.

அந்தப் பால் மெத்தையானது 1929-ல். பர்மிங்காமில் டன்லப் நிறுவனத்து வேதியியலாளர் மர்ஃபி, ரப்பர் பாலை முட்டை அடிப்பதுபோல் அடித்து நுரையாக்கி, அது உறையும்படி செய்தார். அச்சில் ஊற்றி, நீராவியில் கந்தகத்தோடு வேகவைத்தால் அந்த நுரை நிலைத்துவிடுகிறது. இன்றும் பெரும்பாலான லேடெக்ஸ் மெத்தைகள் இந்த முறையிலேயே வார்க்கப்படுகின்றன. 'டன்லப் தலையணை' என்ற சொல் நம் வீடுகளில் பொதுப்பெயராகவே நிலைத்துவிட்டதை வாசகர்கள் அறிவார்கள்.

இந்தச் சரித்திரத்துக்கு நம்மூரில் ஒரு பின்கதையும் உண்டு. 1964-ல் கையெழுத்தான சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி 5,25,000 மலையகத் தமிழர்கள் இந்தியாவுக்குத் திரும்ப வேண்டியவர்களாயினர். அப்படித் திரும்பிய குடும்பங்களில் ஒரு பகுதியினருக்குக் கன்னியாகுமரி மாவட்டத்து அரசு ரப்பர் தோட்டங்களில் வேலை கிடைத்தது. 1984-ல் அத்தோட்டங்களுக்காக அரசு ரப்பர் கழகம் உருவானது. பஞ்சத்தில் போனவர்களின் பேரப்பிள்ளைகள் திரும்பி வந்து செய்ததும் மரத்தில் பால் வெட்டும் வேலைதான். லேடெக்ஸ் விளம்பரங்களில் வரும் பச்சை இலைப் படத்தைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அவர்கள் நினைவு வரும்.

சரி, அக்காளின் கணக்குக்கு வருகிறேன். ஆறரை அடிக்கு ஐந்தடி, ஆறங்குல கனம் என்றால் நல்ல லேடெக்ஸ் மெத்தை முப்பது கிலோவுக்குக் குறையாது. ஒரு மரம் ஆண்டுக்கு நான்கு கிலோ அளவு உலர் ரப்பர் தரும் என்று கொண்டால், ஏறக்குறைய எட்டு மரங்களின் ஓராண்டுப் பால் அதற்குள் இருக்கிறது. நட்டு ஏழாண்டு காத்திருந்த பிறகுதான் மரத்தில் கத்தி வைக்க முடியும். விடியுமுன் எழுந்து மரம் மரமாகப் பட்டை சீவுகிற கை வேறு. ஆக விலையின் ஒரு பங்குக்கு நியாயம் இருக்கிறது. மற்றது ஆலைக்கும் கடை வாடகைக்கும் 'இயற்கை' என்ற சொல்லுக்கும் போகிறது.

அந்தச் சொல்லிடம்தான் எச்சரிக்கை வேண்டும். தென்னைநார்ப் பலகையின்மேல் ஓரங்குல லேடெக்ஸை ஒட்டிவிட்டு முழுப் பெயரையும் சூட்டுகிறவர்கள் உண்டு. பெட்ரோலியத்திலிருந்து வரும் செயற்கை லேடெக்ஸைக் கலப்பவர்களும் உண்டு. கலப்பைக் கண்ணால் கண்டுபிடிக்க முடியாது. கலவை விகிதத்தை எழுத்தில் கேட்டு வாங்க வேண்டும்.  உறையின் ஜிப்பைத் திறந்து பார்க்க விடாத கடையில் நான் வாங்கமாட்டேன்.

இடுப்பு வலிக்கு இது மருந்தா? 2003-ல் லான்செட் இதழில் வெளியான ஸ்பானிய ஆய்வொன்றில், நாட்பட்ட முதுகுவலி கொண்ட 313 பேர் தொண்ணூறு நாள் இருவகை மெத்தைகளில் உறங்கினார்கள். மிகக் கெட்டியானதைவிட நடுத்தரக் கெட்டியில் படுத்தவர்களுக்கு வலி கூடுதலாகக் குறைந்தது. அங்கே சோதிக்கப்பட்டது கெட்டித்தன்மை. லேடெக்ஸா வேறா என்பதன்று. நன்றாகக் கொட்டித் தைத்த பஞ்சு மெத்தையும் அந்த நடுத்தரத்தைத் தரும். ஆனால் கொட்டித் தர ஆள் எங்கே? எங்கள் தெருவில் அந்த நாணொலி நின்று பல வருடங்களாகின்றன. லேடெக்ஸ் மெத்தையைப் பிரித்துப் புதுக்க முடியாது; நீண்ட காலம் குழிவிழாமல் கிடக்கும், பிறகு ஒருநாள் ஒரேயடியாகப் பொடிந்துபோகும். பஞ்சு கொட்டுகிறவர் வராத ஊரில், அந்த நீண்ட காலத்துக்காகத்தான் நாம் பணம் கொடுக்கிறோம். மலிவான செயற்கை நுரை மெத்தையை மூன்று நான்கு ஆண்டுக்கொருமுறை மாற்றிக்கொண்டிருப்பவர்களுக்கு இது நட்டமில்லை. வாடகை வீடுகளில் அடிக்கடி இடம் மாறுகிறவர்களுக்கு அந்த எடையே தண்டனை. கடன் வாங்கி வாங்குவதை நான் எவருக்கும் சொல்லமாட்டேன்.

மகன் வாங்கித் தந்தான். நடுத்தரக் கெட்டி, ஆறங்குலம், முப்பத்துநான்கு கிலோ. வலி முன்னைக்குக் குறைந்திருக்கிறது என்கிறாள். மெத்தையாலா, எந்திரத்தைவிட்டு எழுந்துகொண்டதாலா என்று என்னால் பிரித்துச் சொல்ல இயலவில்லை. பங்குனி வெயில் வந்ததும் வழக்கப்படி மெத்தையைத் தட்டோடியில் காயப்போட வேண்டும் என்றாள். ரப்பர் வெயிலில் வெடித்துப் பொடியாகிவிடும், உறையை மட்டும் துவைத்துக் காயவை என்று தடுத்தேன். "வெயில் படக்கூடாத சாமானை நம்ம ஊருல வித்திருக்கானுவளே" என்று சிரித்தாள். அம்மா கல்யாணத்துக்குத் தந்த கருங்கண்ணி மெத்தையை மட்டும் மேலே தூக்கிக்கொண்டு போனோம். அது கட்டில் மாறிவிட்டது. நான் ஊருக்குப் போகும் நாட்களில் எனக்கு.