ஆர் உங்களுக்குப் பிணை? வங்கி வேலையும் அதன் பழைய கேள்வியும்

வங்கி வேலைக்கு விண்ணப்பம் நிரப்பின எங்கட வயசுக்காரருக்கு அந்தப் படிவத்தின் கடைசிப் பகுதி நல்லாத் தெரியும். படிப்பு, பெறுபேறு, மொழித் தேர்ச்சி எல்லாம் எழுதி முடிய, உறவினர் அல்லாத இரண்டு பேரின் பெயர், பதவி, தொலைபேசி இலக்கம் கேட்டிருப்பார்கள். அப்பா கடலுக்குப் போறவர், அம்மா கொழுந்து எடுக்கிறவர் எண்டால் அந்த இடத்திலதான் பேனா நிற்கும். ஒராள் பள்ளிக்கூட அதிபர். மற்றது ஆர்?

இதைச் சும்மா ஒரு சம்பிரதாயம் எண்டு விட்டுவிடலாம்தான். ஆனால் இலங்கையில் வங்கித்தொழில் வளர்ந்த கதையைப் பார்த்தால், இந்தக் கேள்விதான் முதலில் வந்தது. பட்டம், பரீட்சை, கணினி அறிவு எல்லாம் பிறகு வந்து சேர்ந்தவை. காசைக் கையாளும் தொழிலில் ஒரு புது ஆளை உள்ளே எடுப்பவர் முதலில் யோசிப்பது, 'இவனுக்கு என்ன தெரியும்' என்பதை அல்ல. 'இவன் பிழை விட்டால் ஆர் பொறுப்பு' என்பதைத்தான். அந்தப் பொறுப்பை ஆர் ஏற்கலாம் என்பது காலத்துக்குக் காலம் மாறியிருக்கிறது. அதோடு உள்ளே போனவர்களும் மாறியிருக்கிறார்கள்.

சிறாப்பர் காலம்

19ஆம் நூற்றாண்டில் கோப்பித் தோட்டங்களின் பின்னால்தான் ஆங்கிலேய வங்கிகள் கொழும்புக் கோட்டைக்கு வந்தன. கோப்பி நோயில் அழிந்ததும் வங்கியும் ஆடியது. 1884 மே மாதம் ஒறியன்ரல் வங்கிக் கூட்டுத்தாபனம் கதவை மூடியது. அதன் நோட்டுகளைக் கையில் வைத்திருந்த சனம் பதறியபோது, ஆளுநர் ஆதர் கோடன் அந்த நோட்டுகளுக்கு அரசாங்கம் பொறுப்பு என்று அறிவித்தார். 1885 முதல் நாணயத்தாள் வெளியிடும் வேலை அரசாங்கத்தின் கைக்கே போனது. வங்கி விழும்போது அரசாங்கமே பிணை நிற்க வேண்டி வந்தது என்பதை இங்கே குறித்துக்கொள்ளுவோம். பிணை கேட்கிறவனுக்கும் ஒரு நாள் பிணை தேவைப்படும்.

எஞ்சிய வங்கிகளும் புதிதாக வந்தவையும் பெரும்பாலும் தோட்டக் கம்பனிகளுக்கும் ஏற்றுமதி இறக்குமதிக்காரருக்குமே வேலை செய்தன. வெள்ளைக்கார முகாமையாளருக்கு உள்ளூர் வியாபாரியைத் தெரியாது. ஆரை நம்பலாம், ஆர் முறியப்போறார் என்று சொல்ல ஒருவர் வேணும். அவர்தான் சிறாப்பர். நாட்டுக்கோட்டைச் செட்டியார்களே பெரும்பாலும் அந்த இடத்தில் இருந்தார்கள். சிறாப்பர் வங்கியிடம் பிணைப்பணம் கட்டுவார், தான் அறிமுகப்படுத்தும் உள்ளூர்க் கடனாளிகளுக்குப் பொறுப்பு நிற்பார், அதற்குத் தரகு பெறுவார். காசு எண்ணும் பகுதியும் அவர் பொறுப்பில். அங்கே வேலை செய்யும் ஆட்களுக்கும் அவரே பொறுப்பு. ஆகவே அங்கே ஒரு கதிரை கிடைக்க, வங்கிக்கு உங்களைத் தெரிந்திருக்க வேண்டியதில்லை. சிறாப்பருக்குத் தெரிந்திருக்க வேணும்.

செட்டியார் தெருவில் இருந்த வட்டிக்கடைகளும் இதே நியாயத்தில்தான் நடந்தன. செட்டிநாட்டிலிருந்து வரும் பையன் பெட்டியடிப் பையனாகத் தொடங்குவான். கடை கூட்டுவான், தபால் கொண்டுபோவான், மனக்கணக்கும் பேரேடும் பழகுவான். பிறகு அடுத்தாள், அதற்குப் பிறகு மேலாள். பொதுவாக மூன்று வருஷக் கணக்கு முடிய ஊருக்குப் போய் வருவான். நல்ல பயிற்சிதான், சந்தேகமில்லை. ஆனால் அந்தப் பயிற்சிக்குள் நுழைய ஒரே கதவு சாதியும் சொந்தமும். ஒருவன் கணக்கில் பிழைவிட்டால் ஊரில் அவன் வீட்டுப் பெயர் கெடும் என்பதே அவனுக்கான பிணை. அந்த வரிசையில் பெண்களுக்கு இடமே இல்லை.

இங்கிலிசு தெரிந்தவன்

வங்கியின் எழுத்து வேலைக்கு வேறு ஆட்கள் தேவைப்பட்டார்கள். கடிதம் எழுத, பேரேடு பதிய, இங்கிலிசு தெரிந்த கிளாக்கர்மார். யாழ்ப்பாணத்தில் மிசன் பள்ளிக்கூடங்கள் நேரத்துடனேயே தொடங்கியிருந்தன. வட்டுக்கோட்டைச் செமினரி 1823இல் ஆரம்பமானது. அதனால் யாழ்ப்பாணத்துப் பெடியங்கள் கொழும்புக்கும் மலாயாவுக்கும் கிளாக்கர்களாகப் போனார்கள். இங்கே பிணை, பள்ளிக்கூட அதிபரின் நற்சான்றுக் கடிதம். சொந்தக்காரனை விடக் கொஞ்சம் அகலமான கதவு. ஆனால் கட்டணம் கட்டி இங்கிலிசு படிக்க முடிந்த வீட்டுக்குத்தான் அது திறந்தது.

அந்தக் கதவுக்கும் ஒரு கூரை இருந்தது. இலங்கையர் மேசையில் இருந்து எழுதலாம், அதிகாரியாகக் கையெழுத்து வைப்பது வேறு கதை. கடனும் அப்படித்தான். வங்கி செட்டியாருக்குக் கொடுக்கும், செட்டியார் கூடிய வட்டிக்கு மற்றவர்களுக்குக் கொடுப்பார். 1925இல் பெரிய செட்டியார் நிறுவனம் ஒன்று முறிந்ததும் வங்கிகள் அந்தக் கடனை இறுக்கின. உள்ளூர் வியாபாரம் மூச்சுத் திணறியது. அதன் பிறகுதான் இது தனியாளின் பிரச்சினை இல்லை, அமைப்பின் பிரச்சினை என்று அரசியல் ரீதியாகப் பேசத் தொடங்கினார்கள். 1934இல் சேர் சொராப்ஜி பொச்கானாவாலா தலைமையிலான வங்கி ஆணைக்குழு, அரச ஆதரவுடன் ஒரு வங்கி வேண்டும் என்று பரிந்துரைத்தது. 1939 ஓகஸ்ட் 1ஆம் திகதி இலங்கை வங்கி திறக்கப்பட்டது. 1950இல் மத்திய வங்கி வந்தது. வங்கி அதிகாரி என்ற கதிரையில் இலங்கையர் கூட்டமாக இருக்கத் தொடங்கியது இந்த இரண்டுக்கும் பிறகுதான். அது வரைக்கும் எங்கட ஆட்கள் கெட்டித்தனம் இல்லாமலா இருந்தார்கள்? கதவு இல்லாமல் இருந்தார்கள்.

துண்டுக் காலம்

1961இல் இலங்கை வங்கி தேசியமயமாக்கப்பட்டது. அதே வருஷம் மக்கள் வங்கியும் வந்தது. வங்கி கோட்டையை விட்டு ஊருக்குள் இறங்கியது. வேலை வாய்ப்புக் கூடியது. ஆனால் முதலாளி இப்போது அரசாங்கம். அரசாங்கத்தை நெருங்குவது எல்லாருக்கும் ஒரே மாதிரி இருக்கவில்லை. 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் மலையகத் தமிழரை நாடற்றவர்களாக்கியிருந்தது. குடியுரிமை இல்லாதவனுக்கு அரச உத்தியோகம் எப்படி? 1956இன் தனிச் சிங்களச் சட்டம் அரச வேலைக்குப் போக நினைத்த தமிழ்ப் பிள்ளைகளுக்கு இன்னொரு தடை. இங்கிலிசுக் கதவால் உள்ளே போன யாழ்ப்பாணத்துக் கிளாக்கரின் பேரப்பிள்ளைக்கு அந்தக் கதவே சுவராகியது.

தெற்கிலும் நிலைமை நல்லா இருக்கவில்லை. படித்துவிட்டு வேலையில்லாமல் இருந்த இளைஞர்கள் 1971 ஏப்ரலில் ஆயுதம் எடுத்தார்கள். அதே வருஷம் சர்வதேச தொழில் அமைப்பின் சார்பில் டட்லி சியேர்ஸ் தலைமையிலான குழு ஒன்று வந்து, படித்தவர்களின் எதிர்பார்ப்புக்கும் நாட்டில் இருக்கிற வேலைக்கும் பொருத்தமில்லை என்று எழுதியது. இந்த வாக்கியத்தை இன்றைக்கும் எங்களிடம் சொல்லுகிறார்கள்: 'பெடியங்களுக்கு மேசை உத்தியோகம்தான் வேணும்.' மாதச் சம்பளம், ஓய்வூதியம், கலியாணச் சந்தையில் மரியாதை எல்லாம் மேசைக்கே கொடுத்து வைத்துவிட்டு, ஏன் மேசையைக் கேட்கிறாய் என்று பிள்ளையிடம் கேட்பது என்ன நியாயம்?

அந்த வருஷங்களில் பிணை அரசியல்வாதியின் துண்டாக மாறியிருந்தது. 1977இல் வந்த அரசாங்கம் அதைச் சட்டகமாகவே ஆக்கியது. வேலை வங்கித் திட்டம் என்று பெயர். ஒவ்வொரு பாராளுமன்ற உறுப்பினருக்கும் 1,000 விண்ணப்பப் படிவங்கள், அவர் தன் தொகுதியில் கொடுக்க. படிவம் கிடைத்தால்தான் விண்ணப்பிக்கவே முடியும். சிறாப்பர் இருந்த இடத்தில் எம்.பி. வந்து இருந்தார். ஒரு வித்தியாசம்: சிறாப்பர் தன் ஆள் பிழைவிட்டால் தன் பணத்தை இழப்பார். எம்.பி.க்கு அந்தப் பயமும் இல்லை.

மோட்டார் சைக்கிளில் வந்த வேலை

1979 முதல் வெளிநாட்டு வங்கிகள் மீண்டும் கிளை திறந்தன. 80களில் புதிய தனியார் வங்கிகள் வந்தன. கொழும்பில் நிதித்துறை பெருத்தது. வடக்குக் கிழக்குக்கு அதே காலத்தில் வந்தது யுத்தம். 2009க்குப் பிறகுதான் வங்கிகளும் லீசிங் கம்பனிகளும் நுண்கடன் நிறுவனங்களும் யாழ்ப்பாணம், கிளிநொச்சி வீதிகளில் வரிசையாகப் பலகை மாட்டின. எங்கட தலைமுறையில் பலருக்கு நிதித்துறையில் கிடைத்த முதல் வேலை இதுதான்: ஒரு ரை, ஒரு மோட்டார் சைக்கிள், மாதம் எட்ட வேண்டிய ஓர் இலக்கு.

இங்கேயும் பிணை இருந்தது, தலைகீழாக. நுண்கடன் பெண்களைக் குழுவாக்கி, ஒருவருக்கு மற்றவரைப் பிணையாக்கியது. ஒருவர் தவணை தவறினால் மற்றவர்கள் கட்ட வேணும். அந்தத் தவணையை வாசலில் நின்று கேட்கப் போனவன் அதே ஊர்ப் பெடியன். அவனுடைய வேலை நிரந்தரமாவது பக்கத்து வீட்டு அக்காவின் தவணையில் தங்கியிருந்தது. 2018இல் வறட்சி பாதித்த மாவட்டங்களில் பெண்களின் ஒரு லட்சம் ரூபாய் வரையான நுண்கடன்களை இரத்துச் செய்ய அரசாங்கம் முன்வர வேண்டிவந்தது. முதல் வேலை தேடின பிள்ளையையும் கடன்பட்ட தாயையும் எதிரெதிரே நிறுத்தின அந்தக் கதை இன்னும் முழுசாக எழுதப்படவில்லை.

அப்ப என்ன செய்யிறது?

இந்த வரலாற்றிலிருந்து நாங்கள் எடுத்துக்கொள்வது இரண்டு விஷயம்.

ஒன்று: பதில் வராத விண்ணப்பம் உங்கட மூளைக்குக் கொடுத்த மதிப்பெண் இல்லை. பட்டம் இருக்கு, கணக்கியல் பரீட்சை பாதி முடிச்சிருக்கு, ஆனால் 'அனுபவம் வேணும்' என்று திருப்பி அனுப்புகிறார்கள். அனுபவம் என்பதும் இன்றைய பிணைதான். உங்களை முன்பு ஒருவர் நம்பினார் என்பதற்கான சாட்சி. சம்பளமில்லாமல் ஆறு மாதம் கொழும்பில் அறை எடுத்துப் பயிற்சி செய்யக்கூடியவருக்கு அது லேசாகக் கிடைக்கும். ஹட்டனிலிருந்தும் முல்லைத்தீவிலிருந்தும் வருகிறவருக்குக் கிடைக்காது.

மற்றது: கதவுகள் திறந்தபோதெல்லாம் தனியாளின் சுயவிபரக் கோவை திருந்தியதால் திறக்கவில்லை. ஆணைக்குழு, புது வங்கி, பத்திரிகையில் பகிரங்க விளம்பரம், எல்லாருக்கும் பொதுவான எழுத்துப் பரீட்சை என்று ஆட்சேர்ப்பின் விதி மாறியதால் திறந்தது. ஆகவே நேர்முகப் பரீட்சைக்கு நல்லாத் தயாராவோம், அதோடு விதியைப் பற்றியும் பேசுவோம். பயிலுனருக்குச் சீவிக்கக்கூடிய கொடுப்பனவு, மூன்று மொழியிலும் பரீட்சை, புள்ளிகளைப் பகிரங்கமாக வெளியிடுவது: இவை பெரிய புரட்சி இல்லை, கேட்கக்கூடியவை.

ஏற்கெனவே உள்ளே போய்விட்ட அண்ணாமார் அக்காமாருக்கும் ஒரு வார்த்தை. உங்களுக்குப் பிறகு வருகிற பிள்ளைகளின் படிவத்தில் அந்த இரண்டாவது பெயர் எழுத ஆள் இல்லாமல் இருக்கிறது. பிள்ளையோடு ஒரு மணித்தியாலம் கதைத்துப் பாருங்கள். நம்பிக்கை வந்தால் உங்கட பெயரை எழுதச் சொல்லுங்கள்.