எடை பார்த்துதான் சீட்டா? தாதியர் படிப்பும் வேலையும்: தெரிந்துகொள்ள வேண்டியவை

எஸ்.பி.எம். முடிவு வந்ததும் பாசிர் கூடாங், மாசாய் பக்கத்து வீடுகளில் அடிபடும் படிப்புகளில் தாதியர் டிப்ளோமாவும் ஒன்று. துறைமுகமும் தொழிற்சாலைகளும் நிறைந்த வட்டாரம்தான். ஆனாலும் 304 படுக்கைகளுடன் திட்டமிடப்பட்ட பாசிர் கூடாங் மருத்துவமனை, ஜொகூர் பாருவின் சுல்தான் இஸ்மாயில் மருத்துவமனை, பாலம் தாண்டினால் சிங்கப்பூர் என மருத்துவத் துறையிலும் வாய்ப்பு இருக்கிறது. விண்ணப்பிக்கும் பிள்ளை கொஞ்சம் பருமனாக இருந்துவிட்டால் மட்டும், "முதல்ல உடம்பைக் குறை, அப்புறம் அப்ளை பண்ணலாம்" என்ற பேச்சு வந்துவிடுகிறது.

எடையைக் காரணம் காட்டி ஒரு கல்லூரியோ மருத்துவமனையோ உங்களை ஒதுக்கலாமா?

எடை சார்ந்த பாகுபாடு என்றால் என்ன?

ஒருவரால் வேலை செய்ய முடியுமா என்று பார்க்காமல், உடல் தோற்றத்தை வைத்தே 'சோம்பேறி', 'கட்டுப்பாடு இல்லாதவர்' என்று முடிவு கட்டுவதுதான் அது. மலேசியாவில் 2023 தேசியச் சுகாதார ஆய்வின்படி, பெரியவர்களில் 54.4 விழுக்காட்டினர் கூடுதல் எடையோ உடல் பருமனோ கொண்டவர்கள். பாதிப் பேருக்கு மேல் இருக்கும் உடல்வாகைத்தான் நாம் 'விதிவிலக்கு' மாதிரி நடத்துகிறோம்.

'நேச்சர் மெடிசின்' இதழில் 2020-இல் வந்த அனைத்துலக நிபுணர்களின் கூட்டறிக்கை, உடல் பருமனுக்கு அதிகச் சாப்பாடும் சோம்பலும் மட்டுமே காரணம் அல்ல என்கிறது. மரபணு, ஹார்மோன், சுற்றுச்சூழல் எல்லாமே சேர்ந்து வேலை செய்கின்றன.

பிஎம்ஐ எண் எதைச் சொல்கிறது?

எடையை (கிலோ) உயரத்தின் (மீட்டர்) வர்க்கத்தால் வகுத்தால் கிடைப்பது பிஎம்ஐ. அனைத்துலக அளவில் 25-க்கு மேல் போனால் கூடுதல் எடை. ஆசியர்களுக்கு நோய் அபாயம் 23-லேயே கூடத் தொடங்குகிறது என்பது உலகச் சுகாதார நிறுவன நிபுணர் குழுவின் கருத்து.

தசை எவ்வளவு, கொழுப்பு எவ்வளவு என்று இந்த எண் பிரித்துச் சொல்லாது. எட்டு மணி நேர ஷிப்டில் நிற்க முடியுமா, நோயாளியைப் பாதுகாப்பாகத் திருப்பிப் படுக்க வைக்கத் தெரியுமா என்பதையும் சொல்லாது.

கல்லூரி எடைக்காக வெளியேற்றினால்?

இந்தக் கேள்வி அமெரிக்காவில் உச்ச நீதிமன்றம் வரை போனது. ரோட் ஐலண்ட் மாநிலத்தின் சால்வே ரெஜினா கல்லூரியில் தாதியர் படிப்பு படித்தவர் ஷாரன் ரசல். பயிற்சி வகுப்பு ஒன்றில் அவருக்குத் தோல்வி மதிப்பெண் கிடைத்தது. காரணம் அவருடைய வேலைத்திறன் அல்ல, எடை. வாரம் சராசரியாக 2 பவுண்டு குறைப்பதாக ஓர் ஒப்பந்தத்தில் கையெழுத்து வாங்கினார்கள். குறையவில்லை. 1985-இல் விலகச் சொன்னார்கள்.

அவர் வேறு கல்லூரியில் சேர்ந்து படிப்பை முடித்தார், ஒரு வருடம் தாமதமாக. கல்லூரி ஒப்பந்தத்தை மீறிவிட்டது என்று கூறிய ஜூரி, சுமார் 30,000 டாலர் இழப்பீடு தரச் சொன்னது. 1991-இல் உச்ச நீதிமன்றம் மறுஆய்வுக்குத் திருப்பி அனுப்பியும், மேல்முறையீட்டு நீதிமன்றம் மீண்டும் அவர் பக்கமே நின்றது.

நேர்காணலிலும் இது நடக்கிறது. 2013-இல் 'ஒபிசிட்டி' இதழில் வந்த அமெரிக்க ஆய்வு, உளவியல் பட்டமேற்படிப்புக்கு விண்ணப்பித்தவர்களைக் கவனித்தது. பிஎம்ஐ அதிகமாக இருந்தவர்களுக்கு நேரடி நேர்காணலுக்குப் பின் குறைவான இடங்களே கிடைத்தன. தொலைபேசி நேர்காணலில் அந்த வித்தியாசம் தெரியவில்லை.

வேலையிலும் இப்படித்தானா?

டெக்சஸ் மாநிலத்தின் விக்டோரியா நகரில் ஒரு மருத்துவமனை, பிஎம்ஐ 35-க்கு மேல் இருப்பவர்களை வேலைக்கு எடுப்பதில்லை என்று கொள்கையே வைத்திருந்தது. 2012-இல் இது செய்தியானது. மருத்துவப் பணியாளர் 'எப்படித் தெரிய வேண்டும்' என்பதும் அந்தக் கொள்கை சொன்ன காரணங்களில் ஒன்று.

நம் நாட்டில் பரவலாகப் பேசப்பட்டது மருத்துவத் துறை வழக்கு அல்ல, விமானத் துறை வழக்கு. 25 ஆண்டுகள் வேலை செய்த மலேசியா ஏர்லைன்ஸ் பணிப்பெண் ஒருவர், அனுமதித்த எடையைவிட 0.7 கிலோ கூடுதலாக இருந்ததால் 2017-இல் நீக்கப்பட்டார். 160 செ.மீ. உயரத்துக்கு வரம்பு 61 கிலோ. கணக்குப் போட்டால் அவருடைய பிஎம்ஐ சுமார் 24தான். 2020-இல் தொழிலியல் நீதிமன்றம் நிறுவனத்தின் பக்கம் தீர்ப்பளித்தது. எடையைக் குறைக்க அவருக்குப் போதிய அவகாசம் தரப்பட்டது என்பது அதற்கு ஒரு காரணம்.

மலேசியச் சட்டம் காப்பாற்றுமா?

ஓரளவுக்குத்தான். கூட்டரசு அரசியலமைப்பின் 8(2) பிரிவு சமயம், இனம், வம்சாவளி, பிறந்த இடம், பாலினம் ஆகியவற்றைச் சொல்கிறது. எடை அந்தப் பட்டியலில் இல்லை. தனியார் முதலாளிக்கு எதிராக இந்த உரிமையைக் கோர முடியாது என்பதும் 2005-இல் கூட்டரசு நீதிமன்றம் சொன்னது.

2023 ஜனவரியில் நடப்புக்கு வந்த வேலைவாய்ப்புச் சட்டத்தின் 69F பிரிவு, பாகுபாடு பற்றிய புகாரை விசாரிக்க ஆள்பலத் துறைத் தலைமை இயக்குநருக்கு அதிகாரம் தருகிறது. ஆனால் அது ஊழியருக்கும் முதலாளிக்கும் இடையிலான தகராறுக்கு. இப்போதுதான் விண்ணப்பிக்கும் ஒருவர் இன்னும் 'ஊழியர்' ஆகவில்லை.

சிங்கப்பூரில் 2025-இல் நிறைவேறிய பணியிட நியாயச் சட்டம் ஆளெடுப்பையும் உள்ளடக்குகிறது. அதிலும் எடை தனியாகக் குறிப்பிடப்படவில்லை. மாறாக, அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலச் சட்டத்தில் 1976 முதலே உயரமும் எடையும் உண்டு.

அப்போ எடை நிபந்தனை எல்லாமே தப்பா?

இல்லை. தீயணைப்பு, போலீஸ் போன்ற சீருடைப் பணிகளில் உடல் தகுதி வேலையோடு நேரடியாகச் சம்பந்தப்பட்டது. தாதியர் வேலைக்கும் உடல் உழைப்பு தேவை. அப்படியானால் அந்த உழைப்பைத்தான் சோதிக்க வேண்டும். நோயாளியைத் தூக்குவதற்கு முறையான பயிற்சியும் கருவிகளும் இருக்கின்றன. ஒல்லியான ஒருவரும் அவை இல்லாமல் தூக்கினால் முதுகு போய்விடும்.

நீங்கள் என்ன செய்யலாம்?

• விண்ணப்பிக்கும் முன் விளம்பரத்தை முழுசா படியுங்கள். உயரம், எடை, பிஎம்ஐ நிபந்தனை இருந்தால் எழுத்தில் இருக்கும். இல்லாத நிபந்தனைக்குப் பயந்து ஒதுங்கிவிட வேண்டாம்.

• "இந்த உடம்போட எப்படி வார்டுல ஓடுவே?" என்று நேர்காணலில் கேட்டால், வேலையை வைத்தே பதில் சொல்லுங்கள்: செய்த பகுதி நேர வேலை, முதலுதவிப் பயிற்சி, விளையாட்டு.

• நிராகரித்தால் காரணத்தை மின்னஞ்சலில் கேளுங்கள். தேதியையும் சொன்ன வார்த்தைகளையும் குறித்து வையுங்கள். மேல்முறையீட்டுக்கு வழி இருந்தால் பயன்படுத்துங்கள்.

• ஏற்கெனவே வேலையில் இருந்தால் ஆள்பலத் துறையை அணுகலாம்.

• நேர்காணலுக்கு முன் அவசரமாக இளைக்க ஆன்லைனில் மாத்திரை, காப்பி பொடி வாங்காதீர்கள். இப்படிப்பட்ட பொருள்களில் சிபுட்ராமின் கலந்திருப்பதாகச் சுகாதார அமைச்சு பலமுறை எச்சரித்திருக்கிறது. மாரடைப்பு, பக்கவாத அபாயம் காரணமாகப் பல நாடுகளில் 2010-இல் மீட்டுக்கொள்ளப்பட்ட மருந்து அது.

எடையைக் குறைப்பதா வேண்டாமா என்பது உங்களுக்கும் உங்கள் மருத்துவருக்கும் இடையிலான விஷயம். விண்ணப்பப் பாரத்தை அதற்காகத் தள்ளிப்போடத் தேவையில்லை.