இடையன்குடியில் கால்டுவெல் நினைவு

திருநெல்வேலிச் சீமையின் தென்கோடியில், பனையும் செம்மணல் தேரியும் சூழ்ந்த ஊர் இடையன்குடி. அயர்லாந்தில் பிறந்த இராபர்ட் கால்டுவெல் 1838இல் சென்னைக்கு வந்து, 1841இல் இவ்வூரில் குடியேறினார். நேரான தெருக்கள் வகுத்து, பள்ளிகள் நடத்தி, ஊராரோடு ஒருவராகப் பல்லாண்டு வாழ்ந்தார். அவர் மனைவி எலைசா பெண்களுக்குக் கல்வியும் பின்னல் வேலையும் கற்பித்தார். 1847இல் தொடங்கிய தூய திரித்துவ ஆலயத்தின் பணி 1880இல்தான் நிறைவுற்றது. 1856இல் வெளிவந்த அவரது திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணம் தமிழின் தொன்மையையும் தனித்தன்மையையும் உலகறியச் செய்தது.

1877இல் ஆயரான கால்டுவெல், முதுமையால் 1891 தொடக்கத்தில் பணி ஓய்வு பெற்றுக் கொடைக்கானலில் தங்கினார். அவ்வாண்டு ஆகஸ்ட் 28இல் அங்கேயே காலமானார். ஆனாலும் அவர் உடல் மலையிலிருந்து இடையன்குடிக்குக் கொண்டுவரப்பட்டு, அவரே எழுப்பிய ஆலயத்தில் அடக்கம் செய்யப்பட்டது. 1899இல் மறைந்த எலைசாவும் அங்கேயே துயில்கிறார்.

ஊர் போற்றிய நினைவை நாடும் ஏற்றது. 1968இல் இரண்டாம் உலகத் தமிழ் மாநாட்டையொட்டிச் சென்னைக் கடற்கரையில் அவருக்குச் சிலை வைக்கப்பட்டது. 2010இல் அஞ்சல்தலை வெளியானது. இடையன்குடியில் அவர் வாழ்ந்த வீட்டைத் தமிழக அரசு 2011இல் நினைவில்லமாக்கியது.