இரண்டாம் முறை என்பதைச் சட்டம் எப்படி எண்ணுகிறது?

ஒரே குற்றத்தை மீண்டும் செய்பவருக்குக் கூடுதல் தண்டனை என்பது இந்தியச் சட்டத்துக்குப் புதிதன்று. ஆனால், எந்தக் குற்றம் மீண்டும் நிகழ்வதைக் கண்டு அரசு அஞ்சியது என்பது காலந்தோறும் மாறி வந்துள்ளது. 1860இல் இயற்றப்பட்ட இந்திய தண்டனைச் சட்டத்தின் 75ஆம் பிரிவு இதற்குத் தெளிவான சான்று. நாணயம், அரசு முத்திரைத்தாள், சொத்து ஆகியவை தொடர்பான கடுங்குற்றங்களில் ஒருமுறை தண்டனை பெற்றவர் மீண்டும் அதே வகைக் குற்றம் புரிந்தால், பத்தாண்டுச் சிறையோ ஆயுள் தண்டனையோ விதிக்க அப்பிரிவு இடமளித்தது. பெயரையும் ஊரையும் மாற்றிக்கொண்டு நீதிமன்றத்தில் நிற்கும் பழைய குற்றவாளியை அடையாளம் காணும் தேவை, 1897இல் கல்கத்தாவில் கைரேகைப் பிரிவு தொடங்கப்பட்டதற்கான காரணங்களுள் ஒன்று.

அதே சட்டம் பெண்ணின் அந்தரங்கத்தை வேறு விதமாக அணுகியது. அதற்கு இருந்தது 509ஆம் பிரிவு. பெண்ணின் மானத்தை அவமதிக்கும் நோக்கத்தோடு அவளது தனிமையில் தலையிடுபவருக்கு அதிகபட்சம் ஓராண்டு வெறுங்காவல், அல்லது அபராதம், அல்லது இரண்டும். முதல் முறையாயினும் பத்தாம் முறையாயினும் உச்ச வரம்பு ஒன்றே. இன்னொரு சிக்கலும் இருந்தது. அவமதிக்கும் நோக்கம் மெய்ப்பிக்கப்பட வேண்டும். மறைந்திருந்து பார்ப்பவரோ, தாம் பார்ப்பது அப்பெண்ணுக்குத் தெரியக் கூடாது என்றே விரும்புகிறார். பாதிக்கப்பட்டவர் அறியாமலே நிகழும் குற்றத்தை, அவமதிப்பு என்ற சொல்லுக்குள் அடக்குவது எளிதாக இருக்கவில்லை.

விடுதலைக்குப் பின்னரும் இந்த வரிசை உடனே மாறவில்லை. 1969ஆம் ஆண்டுத் திருத்தம் 292ஆம் பிரிவில், ஆபாசப் பொருள் விற்பனைக்கு முதல் முறை ஈராண்டு, அடுத்த முறை ஐந்தாண்டு எனப் படிநிலை வகுத்தது. 2000ஆம் ஆண்டுத் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 67ஆம் பிரிவும் ஆபாச வெளியீட்டுக்கு இதே முறையைக் கைக்கொண்டது. 2008ஆம் ஆண்டுத் திருத்தத்தால் அச்சட்டத்தில் சேர்ந்த 66இ பிரிவு, ஒருவரின் அந்தரங்க உறுப்புகளை ஒப்புதலின்றிப் படம்பிடிப்பதை முதன்முறையாகத் தனிக்குற்றமாக்கியது. தண்டனை மூன்றாண்டு வரை சிறை, அல்லது இரண்டு லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். மீண்டும் செய்பவருக்கு அதில் தனித் தண்டனை இல்லை. ஆக, பொது ஒழுக்கத்தைப் புண்படுத்தும் படத்தை மீண்டும் வெளியிட்டவரைச் சட்டம் கூடுதலாகத் தண்டித்தது. ஒரு மனிதரின் ஒப்புதலை மீண்டும் மீறியவரை அவ்வாறு நடத்தவில்லை.

2012 டிசம்பர் தில்லிக் கொடுமைக்குப் பின் அமைக்கப்பட்ட நீதிபதி ஜே. எஸ். வர்மா குழு, 2013 ஜனவரி 23 அன்று அறிக்கை அளித்தது. அதைத் தொடர்ந்து வந்த குற்றவியல் திருத்தச் சட்டம் 354சி பிரிவைச் சேர்த்தது. தனிமையை எதிர்பார்க்கக்கூடிய இடத்தில் இருக்கும் பெண்ணின் அந்தரங்கச் செயலைப் பார்ப்பதும், படம்பிடிப்பதும், அப்படத்தைப் பரப்புவதும் குற்றமாயின. படமெடுக்க ஒப்பியவர் பரப்புவதற்கு ஒப்பவில்லையெனில், பரப்புதல் குற்றமே என்ற விளக்கமும் இடம்பெற்றது. முதல் தண்டனைத் தீர்ப்புக்கு ஓராண்டு முதல் மூன்றாண்டு வரை சிறை; இரண்டாவது முறையும் அதன் பின்னரும் மூன்றாண்டு முதல் ஏழாண்டு வரை. முதல் முறை பிணையில் விடக்கூடிய குற்றம். அடுத்த முறை பிணையில் விட முடியாத குற்றம்.

இங்கு கவனிக்க வேண்டிய சொல் 'தண்டனைத் தீர்ப்பு' என்பதே. சட்டம் எண்ணுவது செயல்களையன்று, பாதிக்கப்பட்ட பெண்களையுமன்று, தீர்ப்புகளையே எண்ணுகிறது. துணிக்கடையின் உடைமாற்றும் அறையில் கைப்பேசியை மறைத்து வைத்துப் பல மாதங்களாகப் பல பெண்களைப் படம்பிடித்த ஒருவர் முதன்முறை பிடிபட்டால், அவர் முதல் குற்றவாளியே. ஒவ்வொரு குற்றச்சாட்டுக்கும் தனித்தனியே தண்டனை விதித்து, அவற்றை அடுத்தடுத்து அனுபவிக்குமாறு நீதிமன்றம் ஆணையிடலாம். ஆயினும் ஏழாண்டு வரம்புள்ள அந்த இரண்டாம் படி திறப்பதில்லை. பிணையில் வந்தவர், முதல் வழக்கு நிலுவையில் இருக்கும்போதே மீண்டும் அதைச் செய்தாலும் நிலை இதுவே.

முன்பே தண்டனை பெற்றும் திருந்தாதவருக்கே கூடுதல் தண்டனை என்ற கோட்பாட்டில் நியாயம் உண்டு. தீர்ப்பு என்பது ஓர் எச்சரிக்கை. அதை மீறியவரே கூடுதலாகப் பொறுப்பாகிறார். ஆனால் அந்த எச்சரிக்கை உரிய காலத்தில் வராவிட்டால், அதன் மேல் கட்டப்பட்ட கடுமை ஏட்டளவிலேயே நின்றுவிடும்.

2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 77ஆம் பிரிவு, குற்றவாளி ஆணாகவே இருக்க வேண்டும் என்ற வரையறையை நீக்கியது. தண்டனை அளவையும் எண்ணும் முறையையும் அது மாற்றவில்லை. பழைய 75ஆம் பிரிவும் 13ஆம் பிரிவாகத் தொடர்கிறது. நாணயமும் சொத்தும் இன்றும் அதன் அக்கறைகள். மீண்டும் திருடுபவரை அடையாளம் காண 1897இலேயே ஒரு துறையை உருவாக்கிய அரசு, மறைந்திருந்து பார்ப்பவருக்கு எதிரான முதல் தீர்ப்பை விரைந்து பெறுவதில் எவ்வளவு முனைப்புக் காட்டுகிறது என்பதைப் பொறுத்தே, அந்த ஏழாண்டுத் தண்டனைக்குப் பொருள் இருக்கும்.