எஸ்டேட்டுக்குப் பெரிய 'ஈ' எதுக்கு?

அம்பத்தூர் பக்கம் பஸ்ல கண்டக்டர் "எஸ்டேட் எல்லாம் இறங்கு"ன்னு சொன்னா, யாரும் "எந்த எஸ்டேட்?"னு கேக்க மாட்டாங்க. நீலகிரியில தேயிலை எஸ்டேட் எத்தனையோ இருக்கு. ஆனா இங்க அந்தச் சொல்லுக்கு ஒரே அர்த்தம்தான்: 1964-ல உருவான அம்பத்தூர் தொழிற்பேட்டை. பொதுச்சொல்லா இருந்தது, ஜனங்க வாயில ஒரு இடத்தோட பேரா மாறிடுச்சு. இங்கிலீஷ்ல எழுதினா அதுக்குப் பெரிய 'ஈ'. பொதுவா தொழிற்பேட்டைகளைப் பத்திப் பேசினா சின்ன 'ஈ' போதும்.

தமிழ் எழுத்துல பெரிசு, சின்னது கிடையாது. அதனால இந்த விதி நமக்குக் குழப்பமாத்தான் இருக்கும். ஆனா இங்கிலீஷ்காரங்களே இதுல ரொம்ப நாள் தடுமாறியிருக்காங்க. 1700-கள் ஆரம்பத்துல அச்சான இங்கிலீஷ் புத்தகங்கள்ல மேஜை, வீடு, குதிரைன்னு சாதாரணப் பெயர்ச்சொல்லுக்கெல்லாம் பெரிய எழுத்துதான். 1787-ல எழுதின அமெரிக்க அரசியல் சட்டத்துலயும் அதைப் பார்க்கலாம். அப்புறம் அந்தப் பழக்கம் மெல்ல மறைஞ்சுது. ஜெர்மன் மொழியில இன்னிக்கும் எல்லாப் பெயர்ச்சொல்லுக்கும் பெரிய எழுத்துதான்.

சட்டத்துல மட்டும் அதுக்கு இன்னும் தனி வேலை இருக்கு. நம்ம அரசியல் சட்டத்துல 'ஸ்டேட்'டுக்குப் பெரிய 'எஸ்'. தமிழ்நாடு மாதிரி ஒரு மாநிலமும் ஸ்டேட்தான். ஆனா அடிப்படை உரிமைகளைப் பேசற இடத்துல, 12-வது பிரிவு மத்திய அரசு, நாடாளுமன்றம், மாநில அரசு, சட்டமன்றம், உள்ளாட்சி எல்லாத்தையும் சேர்த்து 'ஸ்டேட்'னு சொல்லுது. அப்படின்னா 2019-ல மாநகராட்சியான ஆவடியும் அதுல அடக்கம். மாநகராட்சி உங்க அடிப்படை உரிமையில கை வெச்சா, நீங்க கோர்ட்டுக்குப் போகலாம்.

இப்போ ஆபீஸ் மெயிலுக்கு வருவோம். "என் மேனேஜர் லீவ்ல இருக்கார்"னு எழுதறப்ப மேனேஜருக்குச் சின்ன 'எம்' போதும். ஆனா நம்மாளுங்க பெரிய 'எம்' போடுவாங்க. காரணம் இலக்கணம் தெரியாதது மட்டும் இல்ல. தமிழ்ல மரியாதை 'இருக்கார்'ங்கற வினையிலயே வந்துடுது. இங்கிலீஷ் வினையில அதுக்கு இடமே இல்ல. அதனால அந்த மரியாதையைப் பெரிய எழுத்துல கொண்டுபோய் வெக்கறோம்.

பெரிய எழுத்து ஒரு ஊரோட வரலாற்றையே மறைச்சதும் இங்கதான். ஆவடியை இங்கிலீஷ்ல முழுக்கப் பெரிய எழுத்துல எழுதி, அது ராணுவ வண்டி, வெடிமருந்துக் கிடங்கோட சுருக்கப்பேர்னு வாட்ஸ்அப்ல சுத்த விடறாங்க. பல பேர் நம்பவும் செய்யறாங்க. ஆனா 19-ம் நூற்றாண்டு மெட்ராஸ் ரயில்வே காலத்துலயே ஆவடி ஒரு ஸ்டேஷன். ராணுவம் பெரிய அளவுல வந்தது இரண்டாம் உலகப்போர் சமயத்துல. டாங்கி செய்யற தொழிற்சாலை வந்தது 1960-கள்ல. அதுக்கும் முன்னாடி, 1955 ஜனவரியில காங்கிரஸ் மாநாடு இங்க கூடி, சோஷலிச பாணி சமுதாயம்தான் இலக்குன்னு தீர்மானம் போட்டுச்சு. அதை இன்னிக்கும் ஆவடி தீர்மானம்னுதான் சொல்றாங்க.

அதனால அடுத்த தடவை அந்த ஃபார்வர்டு வந்தா, ஊர் முதல்ல, கிடங்கு அப்புறம்னு பதில் போடுங்க. ஆவடிக்கு முதல் எழுத்து மட்டும் பெரிசா இருந்தா போதும்.