ஒலிபெருக்கி முதல் கைப்பேசி வரை

செல்போன் வழியாகப் பெண்கள் படித்த வரலாற்றை நம்ம மலருக்கு எழுதச் சொன்னாங்க. எனக்குத் தெரிந்ததை எழுதுகிறேன்.

செல்போனுக்கு முன்னாடியே இது தொடங்கியது. 1998-ல் எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் புதுச்சேரி கிராமங்களில் தகவல் மையங்கள் ஆரம்பித்தது. எம்பலத்தில் கோயில் இடத்திலேயே மையம். ஊர்ப் பெண்கள் நடத்தினாங்க. வீராம்பட்டினத்தில் அலை எவ்வளவு உயரம் வரும் என்று இணையத்தில் பார்த்து, மீனவர்களுக்கு ஒலிபெருக்கியில் தமிழில் சொன்னாங்க. 2004 டிசம்பர் 26 சுனாமி அன்று, சிங்கப்பூரிலிருந்து வந்த ஒரு போனை வைத்து நல்லவாடு மையம் ஒலிபெருக்கியில் எச்சரித்தது. ஜனங்க ஊரை விட்டு ஓடி உயிர் பிழைத்தாங்க.

அடுத்தது தேனி மாவட்டம். விடியல் என்ற தொண்டு நிறுவனமும் காமன்வெல்த் கற்றல் அமைப்பும் சேர்ந்து, ஆடு வளர்க்கும் சுமார் 300 குழுப் பெண்களுக்குப் பாடத்தைக் குரலாகவே செல்போனில் அனுப்பினாங்க. ஆட்டுக்கு வாங்கிய வங்கிக் கடனிலேயே போனும் சேர்ந்திருந்தது. தீவனம், நோய் பற்றி ஆடு மேய்த்துக்கொண்டே கேட்டாங்க. பாடம் தயாரிப்பதிலும் அந்தப் பெண்கள் இருந்தாங்க. எழுத்து தெரியாதது தடையாகவே இல்லை.

இப்போ நம்ம சமயபுரம். 2019 ஜனவரி 1 முதல் ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக்குக்குத் தமிழ்நாட்டில் தடை. ஆனாலும் பூச்சொரிதல், சித்திரைத் தேர் முடிந்தால் தெருவில் கவர் கிடக்கிறது, மாடு மேய்கிறது. ஒரு பயிற்சியில் குப்பை பிரிப்பது பற்றி செல்போனுக்கு வீடியோ அனுப்பினாங்க. போன் பகலில் வீட்டுக்காரர் கையில். நான் பார்க்கவே இல்லை. கூட்டத்தில் கேட்டப்போ பதில் தெரியாமல் தலை குனிந்தேன்.

எங்க குழுவில் ஒரு பெரியம்மா பிளாஸ்டிக் கவரைப் போட்டுத்தான் அடுப்பு பற்றவைப்பார். படிக்கத் தெரியாது. அந்தப் புகை நுரையீரலுக்குக் கெடுதல் என்று நான் பேசிப் பதிவு செய்து, ராத்திரி எட்டு மணிக்கு அவர் மகள் போனுக்கு அனுப்பினேன். திரும்ப அவர் குரல் வந்தது: "அப்போ கவரை எங்கடி போடுறது?" தனியாகக் கட்டி வைத்துத் தூய்மைப் பணியாளரிடம் கொடுக்கணும் என்று அடுத்த பதிவு அனுப்பினேன். இப்போ அவர் வீட்டு வாசலில் அதற்கென்று ஒரு சாக்கு தொங்குது.

வரலாறு சொல்வது இதுதான்: பாடம் நம்ம நேரத்துக்கு, நம்ம பேச்சில், நம்ம கேள்விக்கு வரணும். நம்ம கூட்டமைப்பே வாரம் ஒரு குரல் பாடம் அனுப்பலாம். முதல் கேள்வியை நீங்க கேளுங்க.