எந்தத் தாது?

ராஜபாளையத்திலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூர் போகிற பஸ்ஸில் ஒரு நாள் எனக்குப் பின்னால் இரண்டு கிழவிகள் பேசிக்கொண்டு வந்தார்கள்.

"தாது வருசப் பஞ்சத்திலே எங்க பாட்டியோட பாட்டி எறும்புப் புத்தைத் தோண்டிப் புல்லரிசி எடுத்துக் கஞ்சி காய்ச்சினாளாம்."

"எந்தத் தாதுக்கா?" என்று கேட்டாள் மற்றவள்.

நியாயமான கேள்வி. அறுபது வருஷத்துக்கு ஒரு தடவை அதே பெயர் திரும்பி வந்துவிடுகிறது. 1816-இல் ஒரு தாது, 1876-இல் ஒன்று, 1936-இல் ஒன்று, 1996-இல் ஒன்று. ஜனங்கள் லட்சக்கணக்கில் மாண்டது 1876-இல் பிறந்த தாதுவில். ஸ்ரீவில்லிபுத்தூர் அப்போது திருநெல்வேலி ஜில்லாவில் இருந்தது.

சுற்றுகிற கணக்கை நிறுத்த எங்காவது ஓர் ஆணி அடிக்க வேண்டும். துருவங்களில் பனிக்கட்டியைத் துளைத்துப் பழைய காலத்துச் சீதோஷ்ணத்தைப் படிக்கிற விஞ்ஞானிகளுக்கும் இதே சங்கடம் உண்டு. கிரீன்லாந்திலும் அண்டார்டிகாவிலும் விழும் பனி, வருஷத்துக்கு வருஷம் அடுக்கடுக்காக அமுங்கிக் கிடக்கிறது. கோடைப் பனியில் கனமான ஆக்ஸிஜன் சற்று அதிகம். குளிர்காலப் பனியில் குறைவு. நீளத் தண்டாக வெட்டி எடுத்து, கோடை, குளிர், கோடை என்று எண்ணிக்கொண்டே இறங்குகிறார்கள். ஆழத்தில் பாரம் தாங்காமல் அடுக்குகள் மெலிந்துவிடுகின்றன. எண்ணிக்கை தடுமாறுகிறது. அப்போதுதான் ஆணியைத் தேட வேண்டும்.

1815 ஏப்ரலில், இன்றைய இந்தோனேஷியாவில், தம்போரா எரிமலை வெடித்தது. அதன் கந்தகம் உலகைச் சுற்றி இரண்டு துருவங்களிலும் பனியோடு இறங்கியது. தண்டில் அந்த அமிலக் கோடு தெரிந்தால் போதும், வருஷம் பிடிபட்டுவிடும். மறு வருஷம் ஐரோப்பாவில் கோடையே வரவில்லை. அந்த 1816 நம் பஞ்சாங்கத்தில் தாது! பஸ்ஸில் இதைச் சொல்ல நா துடித்தது, அடக்கிக்கொண்டேன்.

துருவம் எங்கே, நாம் எங்கே என்று வாசகர்கள் கேட்கலாம். இமயத்துக்கு வடபுறம், திபெத்தில், தாசுவோப்பு என்ற பனியாறு 7,200 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. நம் பருவக்காற்று கொண்டுபோகிற ஈரம் அங்கே பனியாகிறது. 1997-இல் லானி தாம்ஸன் என்ற அமெரிக்கரின் குழுவினர் அதைத் துளைத்தார்கள். மழை தவறிய காலத்துப் பனியில் தூசியும் குளோரைடும் மிகுந்திருந்தன. 1790 முதல் 1796 வரை நிலவிய வறட்சியை மிஞ்சியது அந்த ஆயிரம் வருஷத்தில் வேறில்லை என்று கண்டார்கள்.

எங்கள் பக்கத்துப் பாட்டிகள் யாரும் அதைச் சொல்லி நான் கேட்டதில்லை. தாதுதான் நாக்கில் நிற்கிறது. தென்மேற்குக் காற்று ராஜபாளையத்துக்கு மேற்கே மலையிலேயே பெரும்பாலும் கொட்டித் தீர்த்துவிடும்; எங்கள் கண்மாய்கள் ஐப்பசி கார்த்திகையை நம்பியவை. ஆகவே இமயத்துப் பனி அவற்றுக்கு நேர்ச்சாட்சி அல்ல. தவிர, தூசி சொல்வது வானத்தின் குற்றத்தை மட்டும். 1877-இல் சர் ரிச்சர்டு டெம்பிள், நிவாரண வேலை செய்த ஆணுக்கு நாளொன்றுக்கு ஒரு ராத்தல் தானியமும் ஓரணாவும் போதும் என்று கூலியைக் குறைத்தார். தானியமோ கப்பலேறிக்கொண்டிருந்தது. அது எந்தப் பனியிலும் படியவில்லை. கிழவிகளின் பேச்சில் படிந்திருக்கிறது.

இறங்கும்போது பொறுக்கமாட்டாமல், "பாட்டி, அது 1876" என்றேன்.

"அது எந்த வருசம் தம்பி?" என்றாள்.